அறிவிப்புப் பலகையா? கருத்துப் பகிரும் மன்றமா?

ஒரு சங்கத்தின் உயிர் அதன் பதிவுச் சான்றிதழில் இல்லை. உறுப்பினர்களின் ஈடுபாட்டில் இருக்கிறது. ஜோகூர் மாநிலத்தில் பத்து மாவட்டங்கள் உள்ளன. சிகாமட்டில் ஓர் ஆசிரியரும் மெர்சிங்கில் இன்னோர் ஆசிரியரும் பணியாற்றினால், ஜோகூர் பாருவில் நடைபெறும் இரண்டு மணி நேரக் கூட்டத்திற்கு இருவரும் ஒரு நாளையே ஒதுக்க வேண்டும். கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் பலர் இரவில்தான் வீடு திரும்புகின்றனர். இத்தகையோர் கூட்டத்திற்கு வராததை அக்கறையின்மை என்று கூற முடியாது. அவர்களைச் சங்கத்தோடு இணைக்கச் சமூக ஊடகம் சிறந்த வழியாகும். ஆயினும், அதைப் பயன்படுத்தும் முறை மாற வேண்டும் என்பது என் கருத்து.

பல சங்கங்களின் புலனக் குழுக்களில் கூட்ட அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, பரிசளிப்புப் படங்கள் ஆகியவையே நிறைந்துள்ளன. செயலவை பேசுகிறது, உறுப்பினர்கள் பார்த்துவிட்டு நகர்கின்றனர். தம் தொழிலில் எழும் சிக்கலைக் கேட்க அங்கு இடமில்லை என்றால், இளைஞர்கள் எதற்காகச் சந்தா செலுத்துவார்கள்?

இதற்கு நம் வரலாற்றிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு, தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாக ஒலித்தது. 1950களில் அவ்விதழ் மாணவர் மணிமன்ற மலரை வெளியிட்டது. மாணவர்கள் அதைப் படித்ததோடு நிற்கவில்லை. அதில் எழுதவும் செய்தனர். மலேசியாவில் வளர்ந்த தமிழ் இளைஞர் மணிமன்ற இயக்கத்தின் வேர் அங்கேதான் உள்ளது. வாசகரைப் பங்கேற்பாளராக மாற்றியதே அம்மலரின் வெற்றி.

இன்றைய சங்கங்களும் அவ்வழியைப் பின்பற்றலாம். சான்றாக, ஜோகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் ஆசிரியர் சங்கம் ஒன்று, வாரந்தோறும் கற்பித்தல் தொடர்பான ஒரு கேள்வியைப் புலனத்தில் எழுப்பலாம். தோட்டப்புறத்துச் சிறிய பள்ளி ஆசிரியரின் அனுபவம் நகரப் பள்ளி ஆசிரியருக்கும் உதவும். சிறந்த விடைகளைத் தொகுத்து முகநூல் பக்கத்தில் சேமித்தால், புதிய ஆசிரியர்களும் பயனடைவர். பொதுக்கூட்டத்திற்கு முன்பே தீர்மானங்களைப் பகிர்ந்து கருத்துக் கேட்பதும், பின்னர் முடிவுகளை உடனே அறிவிப்பதும் நம்பிக்கையை வளர்க்கும்.

இயங்கலையில் பழகினால் நேரில் சந்திக்கும் உறவு குறைந்துவிடும் எனச் சிலர் அஞ்சுகின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பல சங்கங்களின் தொடர்பு அறுந்து போகாமல் காத்தது இயங்கலையே. நேரடிச் சந்திப்புக்கு அது மாற்றாகாது. ஆனால், நல்ல துணையாகும்.

அதே வேளையில், சில வரம்புகளும் தேவை. விருப்பக் குறிகளின் எண்ணிக்கை வாக்காகாது. முடிவுகள் சங்கத்தின் சட்டவிதிப்படியே எடுக்கப்பட வேண்டும். உறுப்பினரின் தொலைபேசி எண்ணை அவருடைய இசைவின்றிப் பகிரக் கூடாது. திறன்பேசி பயன்படுத்தாத மூத்த உறுப்பினர்களுக்குக் கடிதமோ தொலைபேசி அழைப்போ தொடர வேண்டும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். மாணவர்களே, உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்திற்கும் புலனக் குழு இருக்கலாம். அதில் அடுத்த அறிவிப்பைப் பதிவதற்கு முன், உறுப்பினர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் கூறும் விடைக்குச் செவிசாயுங்கள். கழகம் அங்கிருந்தே வளரத் தொடங்கும்.