சயாமுக்கு ஒரு நாள் பயணம்

போன வாரம் மெர்சிங்கில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பள்ளி விடுமுறை. படகுத்துறையில் தியோமான் போகிற கூட்டம். அப்பா வாசலில் உட்கார்ந்துகொண்டு, "சயாம் கூட்டிட்டுப் போறேன்னியே, என்னம்மா ஆச்சு?" என்றார்.

அப்பாவுக்கு வயது 74. அவருடைய பெரியப்பா ஜெமாலுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். 1942 ஜனவரியில் ஜெமாலுவாங் அருகே நித்ஸ்டேல் தோட்டத்தில் ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து ஜப்பானியரைத் தாக்கியது. அந்தச் சண்டையைப் பற்றிப் புத்தகங்களில் படிக்கலாம். அடுத்த வருடம் லயத்திலிருந்து சயாமுக்கு ரயில் ஏறிய பெரியப்பாவைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் திரும்பி வரவில்லை.

பயணத்தை ஏற்பாடு செய்ய உட்கார்ந்தேன். கோலாலம்பூரிலிருந்து பாங்காக்குக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து காஞ்சனபுரி ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வழிகாட்டியோடு காலையில் கிளம்பி இரவு திரும்பும் சுற்றுலாக்கள் நிறைய இருக்கின்றன. குவாய் ஆற்றுப் பாலம், மரப்பாலத்தின் மேல் ரயில், ஆற்றோரம் மதிய உணவு, சிலவற்றில் யானைகளும் உண்டு.

ஓர் ஏஜெண்டைக் கூப்பிட்டு, "தமிழர்களின் நினைவிடத்துக்குக் கூட்டிப் போவீர்களா?" என்று கேட்டேன். "அங்கே இந்தியர்கள் இருந்தார்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? 1957இல் வந்த அந்தப் புகழ்பெற்ற ஆங்கிலப் படம் உலகத்துக்குச் சொன்னது வெள்ளைக்காரக் கைதிகளின் கதையைத்தானே.

கணக்கைப் பாருங்கள். பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். நேசநாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

ஏன் இன்னும் மதிப்பீடாகவே இருக்கிறது? கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எப்போது செத்தார், எங்கே புதைத்தோம் என்று ஒளித்து வைத்தாவது எழுதினார்கள். அதனால்தான் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கு எழுதி வைக்க ஆள் இல்லை. காலரா வந்தபோது குழி தோண்டி மொத்தமாகப் போட்டார்கள்.

அதனால் வழக்கமான சுற்றுலாவை விட்டுவிட்டு, தனி வேன், தனி வழிகாட்டி என்று பேசினேன். போக நினைப்பவர்களுக்காக என் திட்டத்தைச் சொல்கிறேன்.

காலை 6.30க்குப் பாங்காக்கிலிருந்து கிளம்புவது. முதலில் தாய்லாந்து பர்மா ரயில்பாதை அருங்காட்சியகம். என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால்தான் மற்ற இடங்கள் புரியும். போர்க் கல்லறை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து வாட் தாவோர்ன் வராராம் என்ற கோயில் அருகில்தான். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் அங்கேதான் இருக்கின்றன. 2023இல் நம்மவர்களுக்காக ஒரு நடுகல்லும் வைத்திருக்கிறார்கள். இந்த இடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்றவை மதியத்துக்குப் பிறகு: பாலம், அதன் அருகே 1944இல் ஜப்பானியப் படையே இறந்தவர்களுக்காகக் கட்டிய தூண். அதில் பொறித்த மொழிகளில் தமிழும் ஒன்று. ஹெல்ஃபயர் பாஸ் இன்னும் 80 கிலோமீட்டர் வடக்கே, படிகளும் அதிகம். அப்பாவின் முழங்காலை நினைத்து அதை விட்டுவிட்டேன். இளைஞர்கள் ஓர் இரவு தங்கி அதையும் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று அக்கா கேட்டாள். யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமின் நினைவகத்தில் 14 வயதுக்குக் குறைந்தவர்களைக் கூட்டி வராமலிருப்பதே நல்லது என்கிறார்கள். அக்கா மகளுக்கு 15. வரட்டும் என்றேன். போவதற்கு முன் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவலைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அப்பா ஒன்று கேட்டார். "அங்க போயி யாரு பேரைச் சொல்லிக் கும்பிடறது?"

அப்பாவுக்குப் பெரியப்பாவின் பெயர் தெரியாது. பாட்டி அவரைக் கடைசி வரை 'பெரியவர்' என்றே சொன்னார். கணவரின் அண்ணன் பெயரை வாயால் சொல்லக் கூடாதே! தாத்தாவோ சீக்கிரம் போய்விட்டார். ஜப்பான்காரன் எழுதி வைக்காத பெயரை நாமும் மரியாதைக்காக மறந்துவிட்டிருக்கிறோம்.

ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகம், கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று உறவினர்களிடம் கேட்டு வாங்குகிறது. பெயர், ஊர், பெற்றோர், தொழில். 1950களில் தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறது. அந்த ஒரு பக்கத்தை நாமும் எழுதலாம். தாளும் பேனாவும் போதும். ஆனால் சொல்வதற்கு வீட்டில் ஒரு பெரியவர் உயிரோடு இருக்க வேண்டும்.

அன்று இரவே குளுவாங்கில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். அப்பாவின் மூத்த அக்கா, வயது 83. "ஆடி அமாவாசைக்கு இலை போடும்போது எங்கப்பா ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு" என்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு சொன்னார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா அந்தப் பெயரை ஒரு தடவை தானும் சொல்லிப் பார்த்தார்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அடுத்த மாதம் நடுகல்லுக்கு முன்னால் அப்பாதான் முதலில் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போனவர் ஒருவர் இருக்கலாம். டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் அத்தைக்குப் போன் போடுங்கள்.