கண்ணாடிக்குள் புழுங்கும் பெட்டி

காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. காலேஜ் சேர்ந்திருக்கும் பையன், கூடவே அப்பா. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட்டுக்குள் ஃபேன்கள் கலர்கலராகச் சுற்றுகின்றன. "இதையே எடுத்துக்கலாம்ப்பா" என்றான் பையன். அப்பா கடைக்காரரிடம் கேட்டார்: "ஏனுங்க, இதுக்குள்ள காத்து எப்படிங்க போகும்?" கடைக்காரர் சிரித்தார். பையன் கூச்சத்தில் நெளிந்தான்.

அன்று அந்தக் கடையில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

ஜி.டி. நாயுடு 1937இல் பீளமேட்டில் மின்மோட்டார் தயாரித்த ஊர் இது. இங்கே பட்டறையில் இருக்கும் ஒரு மோட்டாரைப் பாருங்கள். சூடு இறங்க உடம்பெல்லாம் வரிவரியான மேடு, பின்னால் ஃபேன், அதன்மேல் ஓட்டை போட்ட மூடி. அந்த மூடியைக் கண்ணாடியால் அடைத்து விற்றால் ஊரே சிரிக்கும். கேபினெட் என்றால் மட்டும் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோம்.

கேபினெட்டை மதிப்பிடணும்னா இரண்டு பக்கக் கதவையும் கழற்றணும். முன்னால் வலை இருக்கிறதா, காற்று வடிகட்டியை உருவிக் கழுவ முடிகிறதா? கண்ணாடி முகப்பென்றால் ஓரத்தில் விட்ட ஒரு விரல்கடைச் சந்தில்தான் ஃபேன் மூச்சு வாங்கணும். உள்ளே வரும் காற்றைவிட வெளியே தள்ளுவது அதிகமானால், பெட்டி எல்லா இடுக்கிலும் தூசியை உறிஞ்சும். மில் பஞ்சு பறக்கிற ஊரில் அது என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. சூடு எல்லை தாண்டினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்துக்கென்று அப்பா கொடுத்த காசு ஏப்ரல் மதியத்தில் ஆவியாகும்.

அப்புறம் மதர்போர்டு உட்காரும் தகடு. அதன் பின்னால் வயர்களை ஒதுக்க இரண்டு சென்டிமீட்டராவது இடம் உண்டா? போர்டைக் கழற்றாமலே கூலரை மாற்ற, பிராசசருக்குப் பின்னால் தகட்டை வெட்டி விட்டிருக்கிறார்களா? எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குக் கீழே காற்று வழி உண்டா? கடைசியாக, தகர விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மடிக்காத விளிம்பு என்றால், அசெம்பிள் செய்கிறவர் கை கிழியும். அவரை நினைக்காமல் வரைந்த பெட்டி அது.

"அப்ப அழகு வேண்டாமாண்ணா?" வேணும். பக்கவாட்டில் கண்ணாடி இருக்கட்டும், விளக்கும் எரியட்டும், முகப்பு மட்டும் திறந்திருக்கட்டும். ஆனால் அதே விலைக்குள் விளக்கையும் கண்ணாடியையும் சேர்த்தால் வேறெங்கோ குறைத்தாகணும். தகரம் மெலிகிறது, வடிகட்டி காணாமல் போகிறது. அதை மறைக்கத்தான் வெளிச்சம் என்றால், அதை நான் அழகு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒழுங்காக மடித்த விளிம்பும் அழகுதான்.

ஏ.டி.எக்ஸ் அளவை இன்டெல் 1995இல் கொண்டுவந்தது. போர்டின் திருகுத் துளைகள் இன்றும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். உள்ளே இருப்பதெல்லாம் பழசாகிப் போகும். நல்ல பெட்டி மூன்று கம்ப்யூட்டருக்கு உழைக்கும். அதனால்தான் சொல்கிறேன், அந்த அப்பா கேட்டதை நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். பதிலுக்குச் சிரிப்புதான் வந்தால், அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது.