மூணு படம், மூணு வீடு

வாசக சகோதரிகளே, இந்த இதழில் சமீபத்தில் நான் பார்த்த மூன்று படங்களைப் பற்றிப் பேசலாமா? மூன்றிலும் கதாநாயகன், கதாநாயகியைவிட முக்கியமான பாத்திரம் ஒன்று உண்டு. அது வீடு! ஒன்றில் வாடகை வீடு, ஒன்றில் பாடுபட்டுக் கட்டுகிற வீடு, இன்னொன்றில் தவம் கிடந்து வாங்குகிற வீடு. சேலையூரா, மாடம்பாக்கமா, முடிச்சூரா என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் மனை பார்க்கக் கிளம்புகிற நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஏற்ற விஷயம்தானே?

முதலில் 2025-ல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'. குரோம்பேட்டை வெற்றி தியேட்டரில் குடும்பத்தோடு பார்த்தோம். இலங்கையில் பிழைக்க வழியில்லாமல் படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு காலனியில் குடியேறும் குடும்பம். சசிகுமார் அப்பா, சிம்ரன் அம்மா, இரண்டு பிள்ளைகள். "யாரோடும் பேசாதீங்க, மாட்டிக்குவீங்க" என்று எச்சரித்துத்தான் குடி வைக்கிறார்கள். அவர்களுக்கோ பேசாமல் இருக்க முடியவில்லை. அதே காலனியில் ஒரு அம்மா இறந்துபோக, அதுவரை கதவைச் சாத்திக்கொண்டிருந்த ஜனங்களை எல்லாம் இவர்கள் ஒன்று சேர்க்கிறார்கள் பாருங்கள், தியேட்டரில் மூக்கை உறிஞ்சாத ஆளே இல்லை. 2002-ல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் இலங்கைக் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்த அதே சிம்ரன், இதில் இலங்கையிலிருந்து வரும் தாய்! சில இடங்களில் எல்லாரும் இவ்வளவு நல்லவர்களா என்று தோன்றும். போகட்டும், இரண்டு மணி நேரமாவது அப்படி நம்பிவிட்டு வரலாமே. அடுத்த வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் வருஷக் கணக்கில் குடியிருக்கும் ஃபிளாட்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம்.

அடுத்தது '3 பி.எச்.கே.' இதுவும் 2025 படம்தான். ஸ்ரீகணேஷ் இயக்கியது. 'சூர்யவம்சம்' (1997) ஜோடி சரத்குமாரும் தேவயானியும் இதில் சித்தார்த்துக்கு அப்பா அம்மா. சொந்த வீடு வாங்க வேண்டும் என்று ரூபாய் ரூபாயாகச் சேர்க்கிறார் அப்பா. சேர்ந்த பணம் மகனின் இன்ஜினீயரிங் படிப்புக்குப் போகிறது. மறுபடி சேர்த்தால் அப்பாவின் இருதய ஆபரேஷனுக்குப் போகிறது. மறுபடியும் சேர்த்தால் மகளின் கல்யாணம். இவர்கள் ஒரு படி ஏறினால் வீட்டு விலை நாலு படி ஏறுகிறது. "இது நம்ம வீட்டுக் கதையாச்சே!" என்று என் மாமியார் சொல்லாத சீன் இல்லை.

ஆனால் சகோதரிகளே, படம் முடிந்தும் என் மனசில் தங்கியது அப்பாவும் இல்லை, பிள்ளையும் இல்லை. மகள் ஆர்த்திதான். அண்ணனின் படிப்புச் செலவுக்காக, இவள் பெரிய பள்ளிக்கூடத்தை விட்டு அரசுப் பள்ளிக்குப் போகிறாள். நன்றாகப் படிக்கிற பெண். முகம் சுளிக்காமல் போகிறாள். பிறகு வசதியான இடத்தில் கட்டிக்கொடுக்கிறார்கள். அங்கே அவள் நிம்மதியாக இல்லை. கடைசியில் துணிந்து வெளியே வருகிறாள். அரசுப் பள்ளி மட்டம் என்று நான் சொல்லவே மாட்டேன். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: விட்டுக்கொடுக்க வேண்டிய நேரம் வந்தால் முதலில் ஏன் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறோம்? தேவயானியின் சாந்தி பாத்திரத்தைப் பற்றியும் எனக்குக் குறை உண்டு. அப்பாவின் கனவு தெரிகிறது, பிள்ளையின் கஷ்டம் தெரிகிறது. காலமெல்லாம் அந்த வாடகை அடுப்படியில் நின்ற அம்மாவுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

இந்தக் குறையோடு இருந்தபோதுதான் பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். 1988-ல் வந்தது. பாட்டே கிடையாது, இளையராஜாவின் பின்னணி இசை மட்டும். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகும் சுதா, தங்கையையும் வயசான தாத்தாவையும் வைத்துக்கொண்டு வீடு தேடி அலைந்து, முடியாமல் தாத்தாவின் மனையிலேயே கட்டத் தீர்மானிக்கிறாள். மனை வளசரவாக்கத்தில். ஒரு மனையை விற்று, நகையை விற்று, கடன் வாங்கி... அப்பப்பா! சிமெண்டில் கை வைக்கும் காண்ட்ராக்டர் ஒரு பக்கம். அவனைத் தட்டிக் கேட்கும் சித்தாள் மங்கம்மா ஒரு பக்கம். சுதாவுக்குக் கடைசி வரை துணை நிற்பது அந்த மங்கம்மாதான். அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பூச்சுகூடப் பூசாத சுவரை ஆசையாகத் தடவிப் பார்ப்பதை மறக்கவே முடியாது. முடிவில், அந்த இடத்தைக் குடிநீர் வாரியம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது என்று வந்து நிற்கிறார்கள். சுதா கோர்ட் படியேறுகிறாள்.

எனக்கு இதில் பிடித்தது என்ன தெரியுமா? சுதாவிடம் யாரும் "நீ விட்டுக்கொடு" என்று சொல்லவில்லை. தாத்தா தன் மனையைப் பேத்திக்குத் தருகிறார். படம் வந்த மறு வருஷம், 1989-ல்தான் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பெண் பிள்ளைகளுக்கும் சம உரிமை என்று சட்டமே வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்த்தபோது தோன்றியதைச் சொல்கிறேன். வீடு வாங்குவது நல்ல காரியம்தான். ஆனால் 'மாசத் தவணை கட்டணும்' என்று சொல்லி வீட்டில் எது எது நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா, ஸ்கேன் எடுக்கச் சொல்லியும் "தவணை முடியட்டும்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். தவணைக்கு இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது! வீடு முக்கியம், அதில் குடியிருக்கப் போகிறவள் அதைவிட முக்கியம் இல்லையா? பெண்ணின் படிப்பும் நம் உடம்பும் அந்தத் தாளில் கடைசி வரிக்குப் போகவே கூடாது.

சுதாவின் கதையிலிருந்து இன்னொரு பாடம். வில்லங்கச் சான்றிதழ் ஒன்றைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அதில் பதிவான விவரங்கள்தான் இருக்கும். மூலப் பத்திரம், பட்டா, திட்ட அனுமதி எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். நம் பக்கம் என்றால் 2015 டிசம்பர் மழையில் அந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாததா? பத்திரத்தில் உங்கள் பெயரும் வரட்டும். பெண்கள் பெயரில் பதிந்தால், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் தமிழக அரசு சலுகை கொடுத்தது. "தாம்பரத்தில் 10 லட்சத்துக்கு வீடு ஏது?" என்று சிரிக்காதீர்கள், சொந்த ஊரில் மனை வாங்குகிறவர்களுக்கு உதவுமே.

ஆக, 'டூரிஸ்ட் ஃபேமிலி'யைக் குழந்தைகளோடு பாருங்கள். '3 பி.எச்.கே.'யை வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். 'வீடு' படத்தை மட்டும், வயசுக்கு வந்த பெண் வீட்டில் இருந்தால், அவளோடு பாருங்கள். பார்த்துவிட்டு அவளிடம் கேளுங்கள், "உனக்கு எப்படி வீடு வேணும்டி?" என்று.