பாத்ரூமில் வழுக்கி விழும் நீதி

மாதம் ஒரு போட்டோவாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. கையிலோ காலிலோ மாவுக்கட்டோடு மீசை அரும்பிய ஒரு பையன். 'பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான்' என்று விளக்கம். கீழே நம் ஆட்களின் சிரிப்பு பொம்மைகள். 'இப்படித்தான் சார் திருத்தணும்!'

சரி, திருந்திவிட்டானா? மாவுக்கட்டைச் சில வாரங்களில் பிரித்துவிடுவார்கள். அதற்கப்புறம் அவனுக்கு என்ன வேலை? யாரோடு சகவாசம்? கைதட்டிய ஒருவருக்கும் அந்தக் கவலை இல்லை. ஏரியா தாதாவுக்கு மட்டும் இருக்கிறது. ஜாமீன் எடுக்கிறார், பிரியாணி வாங்கித் தருகிறார், அம்மாவின் ஆஸ்பத்திரி செலவைப் பார்த்துக்கொள்கிறார். இளைஞர் நலத் துறையை அரசாங்கத்தைவிட ஒழுங்காக நடத்துபவர் அவர்தான்!

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்று ஒரு ஊர். 'ஐரோப்பாவின் கொலைத் தலைநகர்' என்று பத்திரிகைகள் எழுதிய ஊர். கத்தியும் கோஷ்டியுமாகப் பையன்கள் திரிந்த இடம். 2005-ல் அந்த ஊர் போலீஸே முன்வந்து, பிடித்து உள்ளே போட்டால் மட்டும் இது தீராது என்று ஒப்புக்கொண்டது. வன்முறையைத் தொற்றுநோய் மாதிரி அணுகுவதற்காகவே தனிப் பிரிவு தொடங்கியது. 2008-ல் கோஷ்டிப் பையன்களை கோர்ட்டுக்கு வரவழைத்தார்கள், விசாரணைக்கு அல்ல. போலீஸ் அதிகாரி எச்சரித்தார். கத்திக்குத்துக் காயங்களைத் தைக்கும் டாக்டர் பேசினார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பேசினார். கடைசியில் ஒரு போன் நம்பர் கொடுத்தார்கள். 'விட்டுவிடத் தயாரா? கூப்பிடு. படிக்க, வேலை தேட உதவுகிறோம்.'

சட்டத்தையும் அவர்கள் தளர்த்திவிடவில்லை. கத்தியோடு திரிந்தால் கிடைக்கும் அதிகபட்ச தண்டனையை நான்கு ஆண்டாக உயர்த்தினார்கள். 2004-05ல் ஸ்காட்லாந்து முழுக்க சுமார் 140 கொலைகள். 2023-24ல் 57. எல்லாப் புண்ணியமும் இந்த ஒரு முயற்சிக்கே என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பாத்ரூமில் யாரையும் வழுக்கிவிழ வைக்காமலே எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்திருக்கிறதே!

'அது வெள்ளைக்காரன் ஊர். இங்கே செல்லுபடியாகுமா?' என்பீர்கள். இங்கேயும் முயற்சிகள் இருக்கின்றன. சென்னையில் போலீஸே சிறுவர், சிறுமியர் மன்றங்கள் நடத்துகிறது. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் உள்ளூர்க்காரர்களே கால்பந்தையும் படிப்பையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்து ஒரு தலைமுறையையே வளர்த்திருக்கிறார்கள். 2022-ல் சென்னை போலீஸ் 'சிற்பி' திட்டத்தை 100 பள்ளிகளில், 5,000 மாணவர்களோடு தொடங்கியது. நல்லது. ஆனால் அது பள்ளிக்கு வருகிறவனுக்கு. ஒன்பதாவதோடு நின்றுவிட்டு டீக்கடை வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்கு?

இன்னொரு பாடமும் நம்மிடமே இருக்கிறது. 1993-ல் ராமநாதபுரத்தில் 'போலீஸ் நண்பர்கள்' அமைப்பு பிறந்தது. அருமையான யோசனை. 2020-ல் சாத்தான்குளம் மரணங்களுக்குப் பிறகு அதன் தொண்டர்கள் மீதும் புகார் எழுந்தது. தமிழக அரசு அந்த அமைப்புக்குத் தடை போட்டது. இளைஞனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால்தான் அவன் கூட்டாளி. கையில் லத்தியைக் கொடுத்து ரோந்துக்கு அனுப்பினால் அவன் வெறும் எடுபிடி.

நான் கேட்பது பெரிய பட்ஜெட் இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷன் எல்லையிலும் மாதம் ஒரு நாள், ஒரு மேஜை. இன்ஸ்பெக்டர், தலைமை ஆசிரியர், கவுன்சிலர், விளையாட்டு கோச், ஏரியா அம்மாக்கள் இரண்டு பேர், முக்கியமாக அந்தத் தெருவின் இளைஞர்கள் இரண்டு பேர். இந்த மாதம் பள்ளியை விட்டு நின்றது யார்? முதல் கேஸ் வாங்கியவனுக்கு யார் பொறுப்பு? மைதானத்தில் ராத்திரி லைட் எரிகிறதா? பேசியதை எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே நோட்டைத் திறந்து கணக்குக் கேளுங்கள். இன்ஸ்பெக்டர் டிரான்ஸ்ஃபர் ஆனாலும் நோட்டு அங்கேயே இருக்கட்டும்.

ஏ பிளஸ், ஏ, பி, சி என்று ரவுடிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் போடத் தெரிந்த போலீஸுக்கு இந்த ஒரு நோட்டு போடுவது கஷ்டமா என்ன?

அடுத்த முறை மாவுக்கட்டு போட்டோ வந்தால் ஃபார்வர்ட் பண்ணுவதற்கு முன் ஒரு நிமிஷம். அவன் கட்டுப் பிரித்துத் திரும்பி வரப்போவது நம் தெருவுக்குத்தான். அங்கே அவனுக்காகக் காத்திருப்பது கோச்சா, தாதாவா?