பதின்மூன்று குழல்களும் ஒரு கிதாரும்

ராக் கோஷ்டியில் கிதார்க்காரர்தான் கல்யாண மாப்பிள்ளை. அதே மனிதர் ஜாஸ் 'பிக் பாண்டு'க்குப் போனால் என்ன ஆகிறார், தெரியுமோ?

சுற்றிலும் ஸாக்ஸபோன் ஐந்து, டிரம்பெட் நாலு, டிராம்போன் நாலு. சுருதியும் அவர்களுக்கு வசதியான 'பி பிளாட்', 'இ பிளாட்'தான். வாசிப்பதோ தாளில் எழுதியதைப் பார்த்து! ஆறு தந்தியையும் வாரி இழுத்தால் பியானோக்காரர் முறைப்பார். இரண்டு மூன்று தந்தி போதும். மீட்டியதும் விரலைத் தளர்த்தி நாதத்தை அடக்கிவிட வேண்டும்.

இதுவும் ஒரு பிழைப்பா என்கிறீர்களா? பிரெட்டி கிரீன் என்பவர் 1937-இல் அமெரிக்காவின் கவுண்ட் பேஸி கோஷ்டியில் சேர்ந்தார். தாளத்தின் நாலு எண்ணிக்கைக்கும் நாலு மீட்டல், அவ்வளவே. தனி வாசிப்பு அபூர்வம். இசைத்தட்டில் அவர் கிதாரைக் காது கொடுத்துத் தேட வேண்டும். தம்பூராவை யார் கவனிக்கிறார்கள்? நின்றால்தானே தெரியும்!

1950-இல் பணமுடையால் பேஸி கோஷ்டியைச் சுருக்கினார். கிரீனுக்கு இடமில்லை. ஆனால் மனிதர் ஒரு நாள் இரவு, கூப்பிடாமலே, கிதாரும் கையுமாக வந்து உட்கார்ந்துவிட்டாராம். பேஸி ஒன்றும் சொல்லவில்லை. 1987-இல் காலமாகும்வரை கிரீன் அந்த நாற்காலியை விடவில்லை.