வெட்கத்தின் பெயரால் ஓர் அநீதி



பெண் பிள்ளைகளின் தந்தையர் சிலர் எம்மிடம் ஒரு கோரிக்கையோடு வருகின்றனர். "உஸ்தாத், இனப்பெருக்கப் பாடம் நடத்தும் நாளில் பிள்ளையை அனுப்பாமல் இருக்கலாமா? ஆய்வகத்தில் விரலில் குத்தி இரத்தம் எடுக்கிறார்களாம். இரத்தம் நஜீஸ் அல்லவா? மார்க்கம் தடுக்கிறது என்று பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்" என்கின்றனர். அக்கடிதத்தை நாம் எழுதித் தரமாட்டோம். மார்க்கம் தடுக்காததைத் தடுத்ததாக எழுதுவது மார்க்கத்தின் மீது சுமத்தும் பொய்யாகும்.

நமது மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் எதிலிருந்து தொடங்குகிறது? தூய்மையிலிருந்து. ஹைளு, நிஃபாஸ், கடமையான குளிப்பு ஆகியவற்றைப் பருவமெய்தும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். வெட்கம் மார்க்கக் கல்வியைத் தடுக்கவில்லை என்பதற்காக அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்தார்கள். அதே உடலைப் பற்றி அறிவியல் ஆசிரியை படம் வரைந்து விளக்கினால் மட்டும் அது வெட்கக்கேடாகிவிடுமா?

இரத்தம் நஜீஸ்தான். பட்ட இடத்தைக் கழுவுவதே அதற்கான சட்டம். அதைப் பற்றி அறியக்கூடாது என்பதன்று. நபி (ஸல்) அவர்கள் ஹிஜாமா செய்துகொண்டார்கள் என்பதை நாம் மறந்துவிட்டோமா? கண்ணாடித் தகட்டில் மூன்று துளி இரத்தமிட்டு, எந்த மருந்தில் அது திரிகிறது என்று பார்த்துத் தன் இரத்த வகையைக் கண்டறியும் மாணவி, நாளை ஓர் உயிரைக் காக்கும் அறிவையன்றோ பெறுகிறாள்!

இதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிய இப்னுன் நஃபீஸ், ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞருமாவார். ஃபிக்ஹும் உடலியலும் அவர் நெஞ்சில் ஒருங்கே இருந்தன. நாமோ இரண்டுக்கும் இடையே சுவர் எழுப்புகிறோம்.

நம் வீட்டுப் பெண்களின் பிரசவத்திற்குப் பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று மருத்துவமனை மருத்துவமனையாக அலைகிறோம். அந்த மருத்துவர் எந்த ஆய்வகத்திலிருந்து வருவார்? பிறர் வீட்டு மகள் கற்க வேண்டும், நம் மகள் கற்கக் கூடாது என்பது எவ்வகை நீதி?

ஆசிரியை பாடம் நடத்தட்டும், கண்ணியமான சொற்கள் வேண்டும், ஹிஜாபோடு ஆய்வகத்தில் நிற்க இடம் வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை; அதற்கான கடிதத்தை நாமே எழுதித் தருகிறோம். பிள்ளையை வீட்டில் நிறுத்திவைக்க மட்டும் எம்மிடம் வராதீர்கள்.

பயனுள்ள கல்வியை நம் மக்களுக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.