ஆளுக்கொரு பை

மாணவர்களை மலையேற்றத்திற்கு அழைத்துச் செல்லும் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. உணவும் தண்ணீரும் பொதுவில் வாங்கப்படும். இரண்டு மூன்று மூட்டைகளாகக் கட்டப்படும். உடல்வலு மிக்க மாணவர் இருவர் அவற்றைத் தோளிலேற்றிக் கொள்வர். ஏனையோர் கைவீசி நடப்பர். இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதே நாம் இங்கு சொல்ல வருவது. இது ஒரு பெரிய செய்தியா என்று கேட்கத் தோன்றலாம். 2023 சனவரி வரை நமக்கும் அவ்வாறே தோன்றியது.

அம்மாத இறுதியில் தமிழ் இலக்கிய மாணவர் 27 பேருடன் ஆசிரியர் இருவராகப் பருவதமலைக்குச் சென்றோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் கலசபாக்கத்தை அடுத்து, ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் நிற்கும் மலை அது. வகுப்பில் மலைபடுகடாம் நடந்துகொண்டிருந்தது. அப்பாட்டு பேசும் நன்னனின் நவிரமலை இம்மலையே என்று கருதப்படுவதால், பாட்டை அதன் மலையிலேயே படித்துவிடலாம் என்றோர் ஆசை. கூட்டம் மிகுந்த பௌர்ணமி நாளைத் தவிர்த்து வேறொரு நாளைத் தெரிந்தெடுத்தோம். அது நல்லதற்கே என்று எண்ணினோம்.

ஒரு லிட்டர் பாட்டில்கள் பதினைந்து வீதம் இரண்டு சாக்குப்பைகள். ஆக 29 பேருக்கு 30 லிட்டர். கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்தியது! வெயிலில் மலையேறும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீரேனும் வேண்டும், ஏறி இறங்க ஏழெட்டு மணி நேரமாகும் என்ற எளிய பெருக்கலை இரண்டு முதுகலைப் பட்டதாரிகளும் செய்து பார்க்கவில்லை. மாணவியர் கையில் எதையும் கொடுக்கவில்லை. ‘பெண்பிள்ளைகளுக்கு எதற்குச் சுமை’ என்ற பரிவுதான் காரணம்.

சனவரிக் காலையின் குளிர் ஏமாற்றுக்காரக் குளிர். அடிவாரத்தில் எவருக்கும் தாகமில்லை. சுமைதூக்கிய இருவரும் இயல்பிலேயே வேகமாக நடப்பவர்கள். சுமையை விரைவில் இறக்கிவைக்கும் ஆவல் வேறு. படிகள் முடிந்து கரடுமுரடான பாதை தொடங்கியதும் அவர்கள் கண்ணுக்கு மறைந்தனர். நாம் ஆறேழு பேருடன் கடைசியில் வந்தோம். பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அடித்துச் சங்கிலி கட்டியிருக்கும் செங்குத்துப் பகுதிக்குச் சற்றுக் கீழே, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் நேரங்கழித்து வந்தது. தண்ணீர் எங்கே? மேலே. எவ்வளவு தொலைவில்? தெரியாது. அலைபேசியில் தொடர்பு கிட்டவில்லை. கூவிப் பார்த்தோம்; நம் குரலைப் பாறை நம்மிடமே திருப்பித் தந்தது.

அவ்வேளையில் மேலிருந்து இறங்கிவந்த மூதாட்டி ஒருவர் அருகில் அமர்ந்து தம் மஞ்சள் பையை அவிழ்த்தார். இரண்டு பாட்டில் தண்ணீர். எலுமிச்சம்பழம் இரண்டு. ஒரு துணியில் உப்பு, மற்றொன்றில் சர்க்கரை. வாழையிலையில் பொதிந்த புளிச்சோறு. ஒரு துண்டு, ஒரு கைவிளக்கு. இவ்வளவே. பழத்தைப் பிழிந்து உப்பும் சர்க்கரையும் கலந்து, மடக்கு மடக்காகக் கொடுத்தார். கொடுத்தவாறே நம்மைப் பார்த்து, “ஏன் சார், பொண்ணு கையில ஒரு பாட்டில் தண்ணிகூட குடுக்காமயா மலையேத்துனீங்க?” என்றார். பதினெட்டு ஆண்டுப் பணிவாழ்வில் நம்மை எவரும் அவ்வளவு சரியாகக் கண்டித்ததில்லை.

அரை மணி நேரத்தில் அம்மாணவி தேறினாள். உடன்வந்த ஆசிரியர் அவளை மெல்லக் கீழே அழைத்துச் செல்ல, நாம் மேலே போனோம். மலையுச்சிக் கோயிலருகே அவ்விரு மாணவரும் உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தனர். சாக்குகள் பிரிக்கப்படவில்லை. “எல்லாரும் வந்ததும் சேர்ந்து குடிக்கலாம்னு வச்சிருந்தோம் ஐயா” என்றான் ஒருவன். குற்றம் அவர்களுடையதா? இல்லை. சுமக்கச் சொன்னோம், சுமந்தார்கள்.

அன்றைய இரவு ஊர் திரும்பும் பேருந்தில் மலைபடுகடாத்தை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். மலைவழி செல்வோர்க்கான கையேடாக அதை நாம் நடத்தியதே இல்லை. 583 அடிகளில் இரணிய முட்டத்துப் பெருங்கௌசிகனார் முதலில் சொல்வதே மூட்டையைப் பற்றித்தான். கூத்தர்கள் தம் இசைக்கருவிகளை எடை ஒத்திருக்கச் சுருக்கிக் கட்டிக் காவிக்கொண்டு வருகின்றனர். அவை பலாமரத்தில் தொங்கும் காய்க்கொத்துகள் போலத் தோன்றுகின்றன. உவமை நயம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவோம். எடை ஒருபுறம் சாய்ந்தால் இடறிவிழ நேரும் என்பதை மலையேறியவன் அல்லவா அறிவான்! பாம்பொடுங்கும் குழிகள், பன்றிக்கு வைத்த பொறிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், பாசி படர்ந்த வழுக்கிடங்களில் பற்றிக்கொள்ள வேண்டிய மூங்கில், இருட்டிவிட்டால் நடக்காமல் குகையில் தங்கவேண்டியது என யாவும் அதில் உண்டு. சோறு கட்டிக்கொள்ளும் கவலை மட்டும் அவர்களுக்கு இல்லை. மலைச் சிற்றூர்களில் தினைச்சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும் கிடைக்கும் என்கிறார் புலவர். நமக்கு அந்த வாய்ப்பில்லை.

அதில் ஓரிடம் நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வழிகள் பிரியும் இடங்களில் பின்வருவோர் குழம்பாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறது பாட்டு. முன்செல்பவன் பின்வருபவனை நினைக்க வேண்டும். நாமோ முன்செல்பவனிடம் பின்வருவோரின் தண்ணீரையே கொடுத்தனுப்பியிருந்தோம்.

எனவே பை ஆளுக்கொன்று. இரு தோள்களிலும் மாட்டக்கூடியதாக, கைகள் இரண்டும் ஓய்வாக இருக்கும்படி. தண்ணீர் மூன்று லிட்டர். அதுவே மூன்று கிலோ. ஆகவே மற்றவை கனமற்றவையாக இருத்தல் நலம். மருந்துக்கடையில் விற்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் இரண்டு இருக்கட்டும். அது கிடைக்காவிடில் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. தயிர்ச்சோற்றின் மீதான பற்றை ஒருநாள் ஒதுக்கிவையுங்கள், வெயிலில் புளித்துப்போகும். புளிச்சோறு தாங்கும். இடையிடையே கொறிக்கக் கடலைமிட்டாயும் பேரீச்சையும் போதும். வாழைப்பழம் பையில் கூழாகிவிடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறோம். தின்பண்டம் எதுவும் கையில் தெரிய வேண்டா. குரங்குகள் நம்மைவிடக் கூர்மையானவை. கொப்புளத்திற்கு ஒட்டுத்துணி, தலைக்குத் துண்டு, மழைக்கு மெல்லிய மேலங்கி, குப்பையைத் திரும்பக் கொணர ஒரு துணிப்பை.

ஊதல் ஒன்றும் வேண்டும். பத்து ரூபாய்ப் பொருள்தான். மும்முறை ஊதி நிறுத்தி, மீண்டும் மும்முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். அன்று நம்மிடம் ஓர் ஊதல் இருந்திருப்பின் மேலே சென்றோரைத் திருப்பியிருக்கலாம். கைவிளக்கு தனியாக இருக்க வேண்டும். அலைபேசி விளக்கை நம்பாதீர்கள். தொடர்பற்ற இடத்தில் கோபுரத்தைத் தேடித் தேடியே அதன் மின்கலம் தீர்ந்துவிடும். பகலிலேயே திரும்பிவிடுவோம் என்று சொல்பவரே பெரும்பாலும் இருட்டில் இறங்குகிறார்.

ஒலிபெருக்கிப் பெட்டியை வீட்டில் வைத்துவிடுங்கள். மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் கண்டதால் வந்த பெயர் மலைபடுகடாம். அம்மலையில் திரைப்பாட்டு முழங்கியதைக் கேட்டோம். முழக்கியவர்கள் நம் மாணவர்கள்தாம், வேறென்ன சொல்ல!

எத்துணைச் சிறந்த பையும் பயன்படாத நேரங்கள் உண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வனத்துறையின் அனுமதியைக் கேட்டறியாமல், காடு காய்ந்த மாதங்களில் புறப்படுவது கூடாது.

அடுத்த பயணத்திற்கான துறைக் கூட்டத்தில் நம் திட்டத்தைச் சொன்னபோது மூத்த பேராசிரியர் ஒருவர் முகம் சுளித்தார். “பகுத்துண்ணும் மரபில் வந்தவர்கள் நாம். ஆளுக்கொரு மூட்டை என்பது தன்னலமாகத் தோன்றவில்லையா?” என்றார். மதிப்பிற்குரியவர், கேட்டதும் நியாயமான கேள்வி. அந்த மூதாட்டி பகுத்துத்தான் கொடுத்தார், ஐயா, தம் பையில் இருந்ததால் கொடுத்தார் என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, மாணவியரும் மூன்று லிட்டர் சுமக்க வேண்டுமா என்று கேட்டார். ஆம், மாணவியரும், ஆசிரியர்களும் என்றோம். தமக்கு முழங்கால் வலி என்றும் இரண்டு லிட்டரே இயலும் என்றும் சொன்னார். அப்படியானால் தாங்கள் பாதி மலை வரை வந்து, அங்கேயே பாடம் நடத்துங்கள் என்று ஏற்பாடாகியிருக்கிறது.